ஒரே கூட்டம், எத்தனை வரிசைகள்? ஷூட்டர் விளையாட்டுகளில் நியாயமான மேட்ச்மேக்கிங்கும் பிளேலிஸ்ட்டும்: ஓர் ஒப்பீடு

இணையவழி ஷூட்டர் விளையாட்டில், அதாவது சுட்டு மோதும் விளையாட்டில், ஒருவர் ஆட்டத்தைத் தேடும் பொத்தானை அழுத்தியதும் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகச் சர்வரைச் சென்றடைகின்றன. தன் திறமைக்கு ஈடான கூட்டாளிகளும் எதிராளிகளும் வேண்டும் என்பது ஒன்று. தனக்குப் பிடித்த ஆட்டவகையும் மேப்பும் (ஆடுகளமும்) வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை மேட்ச்மேக்கிங் (ஆட்களை ஓர் ஆட்டத்தில் சேர்க்கும் முறை) எழுதுபவரிடமும் இரண்டாவதைப் பிளேலிஸ்ட் (தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஆட்டவகைப் பட்டியல்) அமைப்பவரிடமும் தனித்தனியாக ஒப்படைத்துவிடலாம் என்று தோன்றும். பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இரண்டு கோரிக்கைகளுக்கும் செலவு ஒரே பையிலிருந்துதான் போகிறது. அந்தப் பையில் இருப்பது, அந்த நிமிடத்தில், அந்தப் பகுதியில் காத்திருக்கும் ஆட்கள் மட்டுமே.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் 300 பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், ஓர் ஆட்டம் 10 நிமிடம் நீடிக்கும் என்றும், ஐவருக்கு ஐவர் என்பதால் ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். 600 விநாடிக்கு 300 பேர் ஆட்டம் முடிந்து மீண்டும் வரிசைக்கு வருகிறார்கள். அதாவது இரண்டு விநாடிக்கு ஒருவர். ஒரே வரிசை என்றால் 20 விநாடியில் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். அதே கூட்டத்தை ஐந்து பிளேலிஸ்ட்டுகளாகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிறைய 100 விநாடி ஆகும். ஒவ்வொரு பிளேலிஸ்ட்டையும் திறமை அடிப்படையில் நான்கு அடுக்குகளாகப் பிரித்தால் 400 விநாடி, அதாவது ஏறத்தாழ ஏழு நிமிடம். பத்து நிமிட ஆட்டத்துக்கு ஏழு நிமிடக் காத்திருப்பு. கூட்டம் சமமாகப் பிரிவதும் இல்லை: பாதிப் பேர் ஒரே ஆட்டவகைக்குப் போய், மீதிப் பாதியை மற்ற நான்கும் பங்கிட்டுக்கொண்டால், அந்த நான்கில் காத்திருப்பு 640 விநாடியாகிறது. காத்திருப்பவர் ஆடிக்கொண்டிருப்பவர் அல்லர் என்பதால் வரிசைக்குத் திரும்பும் வேகமும் குறைகிறது. பொறுமையிழந்தவர் விளையாட்டை மூடிவிட்டுப் போனால் அடுத்தவரின் காத்திருப்பு மேலும் நீள்கிறது.

ஆகவே, 'திறமை பார்த்துச் சேர்ப்பதா, வேண்டாமா' என்ற கேள்வியையும் 'எத்தனை பிளேலிஸ்ட்' என்ற கேள்வியையும் தனித்தனியாக விவாதிப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ள வழிகளை முதலில் பார்த்துவிட்டு, எந்த வழி எந்த வழியோடு ஒத்துப்போகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆட்களைச் சேர்க்கும் வழிகள்

மிகப் பழைய வழி சர்வர் பட்டியல். 1996இல் குவேக் வந்த காலத்திலிருந்து, கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் தொடக்க ஆண்டுகள் முழுவதிலும், ஆட்டக்காரர் ஒரு பட்டியலைப் பார்த்து, பிங் (சர்வருக்குத் தகவல் சென்று திரும்பும் நேரம்) குறைவாகவும் ஆள் ஓரளவு நிறைந்தும் இருக்கும் சர்வரைத் தானே தேர்ந்தெடுத்து உள்ளே போனார். இங்கே எண்களால் அளந்த நியாயம் இல்லை. ஆனால் பட்டியலுக்கு வேறொரு வலிமை இருந்தது: ஒரே சர்வருக்குத் தினமும் வருபவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், வசைபாடுபவரை நிர்வாகி வெளியேற்றினார், இரண்டு வலுவானவர்கள் ஒரே அணியில் இருந்தால் ஒருவர் தானாகவே மாறிக்கொண்டார். தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்பது தெரியும். புதியவருக்குத்தான் அது கொடுமை; எந்தக் கதவைத் திறந்தாலும் ஐந்து வருடம் ஆடிப் பழகியவர்கள் உள்ளே இருப்பார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2 தன் சாதாரண ஆட்டங்களை 2016 ஜூலையில் மேட்ச்மேக்கிங்குக்கு மாற்றியபோது பழைய ஆட்டக்காரர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அவர்கள் இழந்தது பழகிய முகங்களை.

இரண்டாவது வழி, இணைப்பை மட்டும் பார்த்துச் சேர்ப்பது. யார் எவ்வளவு திறமைசாலி என்று கேட்காமல், அருகிலிருக்கும் சர்வருக்கு நல்ல பிங் உள்ளவர்களை வந்த வரிசையிலேயே சேர்த்துவிடுவார்கள். இதற்கு உறுதியான காரணம் உண்டு. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்கிறது. 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குச் சென்று திரும்பக் குறைந்தது 30 மில்லி விநாடி தேவை, கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதல். விநாடிக்கு 64 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சர்வரில் ஒரு தவணை 15.6 மில்லி விநாடி. சுவரோரத்தில் ஒளிந்துகொண்ட பிறகும் குண்டு பட்டதாகத் திரை சொல்லும் அந்த எரிச்சல் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. பிங் மோசமாக இருக்கும்போது இருவரும் சமதிறமை என்று எண்கள் காட்டினாலும் ஆட்டம் சமமாக இருக்காது. எனவே இணைப்பை முதல் நிபந்தனையாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதையே ஒரே நிபந்தனையாக வைப்பதில்தான் மறுப்பு. அப்படி வைக்கும்போது திறமைக்குப் பத்தில் மேலே உள்ள இருவர் மகிழ்ச்சியாகவும் கீழே உள்ள நால்வர் இரையாகவும் இருப்பார்கள். அந்த நால்வர் அமைதியாக வெளியேறுவார்கள், புகார்கூட எழுதமாட்டார்கள்.

மூன்றாவது வழி, திறமையைக் கண்டிப்பாகப் பார்ப்பது. இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. இயற்பியலாளர் அர்பாட் ஈலோ வகுத்த தரக்கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. அந்தக் கணக்கில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் உயர்ந்தவர் பெறக்கூடிய மதிப்பெண் 76 சதவீதம். 400 என்றால் 91 சதவீதம். ஒருவருக்கொருவர் ஆடும் ஆட்டத்துக்கு இது போதும். குழுவாக ஆடும் ஷூட்டருக்குப் போதாது. ஐவர் வென்றால் அதில் யார் பங்கு எவ்வளவு என்று வெற்றி தோல்வி மட்டும் சொல்லாது. 1995இல் மார்க் கிளிக்மன் தந்த கிளிக்கோ முறை, ஒருவரின் தரத்தோடு அந்தத் தரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ட்ரூஸ்கில் அதைக் குழு ஆட்டங்களுக்கு விரித்தது. அதில் புதியவரின் சராசரி 25, ஐயத்தின் அளவு 8.33, சராசரியிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்துத்தான் ரேங்க் காட்டப்படுகிறது என்பதால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறார்கள். ஆட ஆட ஐயம் குறைகிறது, எண் உயர்கிறது. 2018இல் வெளியான ட்ரூஸ்கில் 2, கொலைக் கணக்கு, பாதியில் வெளியேறும் பழக்கம், நண்பர்களோடு சேர்ந்து வருவது ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, ஹேலோ 5 ஆட்டங்களின் முடிவைக் கணிக்கும் துல்லியத்தை 52 சதவீதத்திலிருந்து 68 சதவீதத்துக்கு உயர்த்தியது.

68 என்பதை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். நல்ல கணக்கும் மூன்றில் ஒரு முறை தவறுகிறது. அந்த அளவு துல்லியமுள்ள எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, அதற்காக ஏழு நிமிடம் காக்க வைப்பது எதை வாங்க எதைக் கொடுப்பது? மேலும் குழுவின் சராசரி ஏமாற்றும். 1,500 புள்ளியுள்ள ஐவரும், 2,500 புள்ளியுள்ள ஒருவரோடு 1,250 புள்ளியுள்ள நால்வரும் சராசரியில் சமம். களத்தில் அது ஒருவர் வேட்டையாடுவதாகவும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் முடியும். பத்துப் பேரை இரண்டு ஐவர் அணிகளாகப் பிரிக்க 126 வழிகள் உண்டு. அத்தனையையும் சோதித்து, சராசரியோடு, மிக வலுவானவர்களும் மிகத் தளர்ந்தவர்களும் இரு பக்கமும் ஒத்திருக்கிறார்களா என்று பார்த்துப் பிரிப்பதற்குக் கணினிக்கு நேரமே தேவையில்லை. யாரைச் சேர்க்கிறோம் என்பதில் சற்றே தளர்ந்தாலும், சேர்த்தவர்களை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் கண்டிப்பாக இருந்தால், நியாயத்தின் பெரும்பகுதி காத்திருப்பே இல்லாமல் கிடைத்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடம் இது.

கண்டிப்பான சேர்க்கைக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒவ்வோர் ஆட்டமும் ஐம்பதுக்கு ஐம்பதாக அமைந்தால், முன்னேறியவருக்குத் தான் முன்னேறியது தெரியாமலே போகும். எதிராளியும் அதே அளவு ஏறியிருப்பார். கூடவே, விளையாட்டு தன்னை வேண்டுமென்றே தோற்கடிக்கிறது என்ற சந்தேகமும் வளரும். நாணயம் சுண்டுவது போலச் சமவாய்ப்புள்ள 20 ஆட்டங்களில் ஐந்து தோல்விகள் தொடர்ச்சியாக வருவதற்கான வாய்ப்பு 25 சதவீதம். அதாவது சூழ்ச்சி ஏதும் இல்லாமலே, நான்கு பேரில் ஒருவர் அந்த ஐந்து தொடர் தோல்விகளைச் சந்திப்பார். ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல: ஆட்டக்காரர்கள் விளையாட்டை விட்டுப் போகாதபடி சேர்க்கையை அமைப்பது பற்றி 2017இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது, அதே ஆண்டில், சேர்க்கையின் மூலம் பொருள் வாங்கத் தூண்டுவது பற்றிய காப்புரிமை ஒன்றும் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இவை இருக்கும்போது, 'எங்களை நம்புங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது; எந்தெந்த அளவைகளை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். அதே நிறுவனம் 2024இல் கால் ஆஃப் டியூட்டிக்காக அப்படி ஒரு பட்டியலை வெளியிட்டு, இணைப்பு முதலிலும் காத்திருப்பு அடுத்தும் வரும் என்று சொன்னது. பிளேலிஸ்ட்டுகளின் எண்ணிக்கையும் அந்தப் பட்டியலில் ஓர் அளவையாக இடம்பெற்றிருந்தது. மேலே போட்ட கணக்கு பெரிய விளையாட்டுகளுக்கும் பொருந்துகிறது என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது வழி, தளர்ந்த திறமைச் சேர்க்கை. முதல் சில விநாடிகள் ஒத்த திறமை உள்ளவரைத் தேடும். காத்திருப்பு நீள நீள எல்லை விரியும். எளிமையாகத் தோன்றினாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, எல்லை யாருக்காக விரிகிறது என்பது. உச்சத்தில் இருக்கும் ஒருவர் நான்கு நிமிடம் காத்திருந்ததற்காக, இப்போதுதான் வரிசைக்கு வந்த நடுத்தர ஆட்டக்காரரை அவர் ஆட்டத்தில் தள்ளினால், காத்திருப்பு ஒருவருடையது, அடி மற்றவருடையது. இருவரின் எல்லையும் ஒருவரையொருவர் ஏற்கும்போது மட்டுமே சேர்க்க வேண்டும். இரண்டாவது, கீழ்முனையில் எல்லை விரியவே கூடாது. முதல் பத்து இருபது ஆட்டங்கள் ஆடும் புதியவர் தமக்கொத்தவர்களோடு மட்டுமே ஆட வேண்டும்; ஆள் போதாவிட்டால் மீதி இடத்தைக் கணினி ஆட்களால் (கணினியே இயக்கும் பாத்திரங்களால்) நிரப்பலாம். ஃபோர்ட்நைட் 2019இல் திறமைச் சேர்க்கையையும் கணினி ஆட்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. நான் வைக்கும் நிபந்தனை, கணினி ஆள் என்பது பெயருக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்பதே. மனிதரை வென்றதாக நம்பியவர் பிறகு உண்மை அறிந்தால், உண்மையான வெற்றிகளையும் சந்தேகிப்பார்.

இந்த நான்கில் எது வெல்கிறது என்பதற்கு அண்மைய அனுபவம் ஒரே விடையைத் தரவில்லை. ஆக்டிவிஷன் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, திறமையின் பங்கைக் குறைத்துச் சோதித்தபோது, உச்சியில் உள்ள சிறு பகுதியினரைத் தவிரப் பெரும்பாலோர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுச் சென்றதும் திரும்ப வராமல் போனதும் கூடின. ஆனாலும் 2025இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7இல், திறமையை மிகக் குறைவாகவே பார்க்கும் சேர்க்கை இயல்புநிலையாக வைக்கப்பட்டது; ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோகாத லாபியும் (ஆட்டத்துக்காகச் சேர்ந்தவர்கள் கூடியிருக்கும் இடம்) கூடவே திரும்பி வந்தது. இரண்டாவது மாற்றத்தை முதலாவதிலிருந்து பிரிக்கக் கூடாது. லாபி கலையாமல் இருந்தால், கடுமையான ஆட்டத்துக்குப் பின் அதே முகங்களோடு இன்னொரு முறை மோதலாம், அணிகளை மாற்றிப் பிரிக்கலாம், ஒத்துவராவிட்டால் வெளியேறலாம். சர்வர் பட்டியல் காலத்தில் இருந்த ஏதோ ஒன்று அதில் மீள்கிறது. கண்டிப்பைக் கைவிடுபவர் லாபியைக் கலைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கத்து நன்மையும் கிடைக்காது.

குழுவாக வருபவர்கள்

இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். பழகிய நால்வர் ஒரு குழுவாக வந்து, ஐந்தாவது இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சேர்க்கப்படும்போது என்ன நடக்கும் என்பதை நான் அந்த ஐந்தாவது ஆளாகப் பலமுறை இருந்து அறிந்திருக்கிறேன். ஒருநாள் இரவு, நால்வரும் தங்கள் தனிக் குரல் இணைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். அணியின் பொது இணைப்பில் முழு அமைதி. நான் எதிரி இருக்கும் இடத்தைச் சொன்னேன், பதில் இல்லை. மூன்றாவது சுற்றில் தோற்றதும் அவர்களில் ஒருவர் எழுதிய முதல் வரி, என்னை வெளியேற்ற வாக்கெடுப்பு நடத்தலாமா என்பது. நான்குக்கு ஒன்று, முடிவு முன்பே தெரிந்ததுதான். தர எண்களைப் பார்த்தால் அந்த ஆட்டம் மிகவும் நியாயமான ஒன்றாகவே பதிவாகியிருக்கும்.

வேலரன்ட் தன் ரேங்க்டு வரிசையில் (வெற்றி தோல்வியைப் பொறுத்துத் தரநிலை மாறும் வரிசையில்) நால்வர் குழுவை அனுமதிக்காததற்கு இந்த ஐந்தாவது ஆளே காரணம். தனியாக வருபவர்களுக்கு மட்டும் என ஒரு வரிசையைப் பிரிப்பது மாற்று வழி. டெஸ்டினி 2 அப்படிச் சிலவற்றை வைத்துப் பார்த்தது. கூட்டம் பெரிதாக இருந்தால் தனி வரிசை நல்லது. சிறிதாக இருந்தால் நால்வரைத் தடுப்பதே மலிவான, நேர்மையான வழி. அது வரிசையைப் பிரிப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட கொடுமையை மட்டும் நீக்குகிறது.

ஆட்டவகைகளைத் தரும் வழிகள்

2004 நவம்பரில் வந்த ஹேலோ 2, குழுவாகச் சேர்ந்து, பிளேலிஸ்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதைச் சர்வரிடம் விட்டுவிடும் முறையைக் கன்சோல்களில் பரவச் செய்தது. ஒவ்வோர் ஆட்டவகைக்கும் ஒரு தனி வரிசை என்பது அதன் இயல்பான நீட்சி. கேட்டது கிடைக்கும், கேட்பவர் குறைந்தால் வரிசை வற்றிவிடும். வற்றும் வரிசை மெதுவாக அல்ல, விரைவாகவே சாகும்; மூன்று நிமிடம் காத்து ஆட்டம் கிடைக்காதவர் மறுநாள் அந்தப் பொத்தானை அழுத்துவதில்லை.

எதிர்முனையில் இருப்பது கலவை வரிசை. எல்லா ஆட்டவகைகளையும் ஒன்றாகக் கொட்டி, எது வருகிறதோ அதை ஆடச் சொல்வது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2023இல் மிக்ஸ்டேப் என்ற பெயரில் மூன்று ஆட்டவகைகளை மாறி மாறித் தந்தது இவ்வகை. காத்திருப்புக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. குறை எங்கே வெளிப்படும் என்பதை 2021இல் ஹேலோ இன்ஃபினிட் காட்டியது: தொடக்கத்தில் பிளேலிஸ்ட்டுகள் மிகக் குறைவு, சுட்டு வீழ்த்துவது மட்டுமே நோக்கமான ஸ்லேயர் ஆட்டவகையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அன்றாட இலக்குகளில் சில குறிப்பிட்ட ஆட்டவகையைக் கோரின. அந்த ஆட்டவகையைத் தேர்ந்தெடுக்கவோ முடியாது. வேண்டியது வராவிட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேறுவது இயல்பானது. அதன் சுமை உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தது. சில வாரங்களிலேயே, டிசம்பரில், புதிய பிளேலிஸ்ட்டுகள் சேர்க்கப்பட்டன. கலவை வரிசை வைப்பவர் வெளியேறுவோருக்கான தண்டனையைக் கூட்டுவதற்கு முன், அவர்கள் எந்த ஆட்டவகையிலிருந்து வெளியேறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இலக்குகளும் வரிசைகளும் ஒன்றையொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டியது.

இடைப்பட்ட வழி, வேண்டியவற்றைப் பலவாகக் குறித்துக்கொள்வது. ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்ஷனில் இது இருக்கிறது. ஆறு ஆட்டவகைகள் என்றால் 63 விதமாகக் குறிக்கலாம், ஆனால் 63 வரிசைகள் உருவாவதில்லை. பத்துப் பேரின் குறிகளும் சந்திக்கும் ஓர் ஆட்டவகை இருந்தால் போதும். இங்கே வெற்றியும் தோல்வியும் ஒரு சிறு விவரத்தில் இருக்கின்றன: திரை முதலில் திறக்கும்போது எல்லாம் குறிக்கப்பட்டிருக்கிறதா, எதுவுமே குறிக்கப்படாமல் இருக்கிறதா? எதுவும் இல்லாமல் திறந்தால் பலர் ஒன்றை மட்டும் குறித்துவிட்டு மாதக்கணக்கில் மாற்றமாட்டார்கள்; பெயர்தான் வேறு, தனி வரிசைகளே மீண்டும் வந்துவிட்டன. எல்லாம் குறிக்கப்பட்டுத் திறந்து, பிடிக்காத இரண்டை மட்டும் நீக்கலாம் என்றால், ஆறில் இரண்டை நீக்கிய எந்த இருவருக்கும் குறைந்தது இரண்டு ஆட்டவகைகள் பொதுவாக இருக்கும். ஆட்டக்காரருக்கும் பிடித்தது எது என்று சொல்வதைவிடச் சகிக்க முடியாதது எது என்று சொல்வது எளிது.

காலச் சுழற்சி நான்காவது வழி. ஸ்ப்ளட்டூன் 2, 3 இரண்டிலும் ஒவ்வோர் ஆட்டவகைக்கும் உரிய இரண்டு மேப்புகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. அட்டவணை முன்கூட்டியே தெரியும். முதல் ஸ்ப்ளட்டூனில் இது நான்கு மணி நேரமாக இருந்தது. கூட்டம் பிரியாமலே நாளுக்குள் மேப்புகள் மாறிவிடுகின்றன என்பது இதன் அழகு. ஒரு நாளில் ஒரு மணி நேரமே கிடைக்கும் ஒருவருக்கு அன்றைக்கு அந்த இரண்டு மேப்புகள்தான் என்பது இதன் குறை. சுழற்சி நேரம் ஒருவர் வழக்கமாக ஆடும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால், அதாவது 30 அல்லது 40 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால், அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வாக்கெடுப்பும் விலக்கும் கடைசி வழி. பெரும்பான்மை வாக்கு, பல்வகைமையை அழிக்கும் மிக நிச்சயமான முறை. பத்துப் பேரில் எழுவருக்குப் பிடித்த மேப்பே ஒவ்வொரு முறையும் வரும், மற்ற மூவரின் விருப்பம் நூறு ஆட்டத்திலும் ஒருமுறைகூட வராது. வாக்குகளைச் சீட்டுகளாக எண்ணிக் குலுக்கினால், அந்த மூவரின் மேப் பத்தில் மூன்று முறை வரும். செயல்படுத்த ஒரு வரி மாற்றம் போதும் என்பதாலேயே இதை யாரும் தவறவிடக் கூடாது என்று விரும்புகிறேன். ரேங்க்டு ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு முறை பொருத்தமானது: ஏழு மேப்புகளில் இரு அணிகளும் மாறி மாறி மூன்று மூன்றாக நீக்கினால் ஒன்று மிஞ்சும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இன் பிரீமியர் என்ற ரேங்க்டு ஆட்டம் ஏழு மேப்புகளோடு விலக்கு முறையில் நடக்கிறது. வேலரன்டும் 2022 முதல் ரேங்க்டு ஆட்டத்தை ஏழு மேப்புகளுக்குள் நிறுத்தி, ஒன்று நுழையும்போது ஒன்றை வெளியேற்றி வந்திருக்கிறது. போட்டியாக ஆடுபவருக்கு ஏழு மேப்புகளின் ஒவ்வொரு மூலையையும் கற்பதே போதுமான வேலை; அங்கே பல்வகைமை என்பது ஆழத்திலிருந்து வருகிறது, எண்ணிக்கையிலிருந்து அல்ல.

இரண்டும் மோதும் இடம்

ஓவர்வாட்ச் 2016இல் வெளியானபோது, ஆட்டக்காரர் ஒருவரைத் தவிர்க்கும் வசதி இருந்தது. முரட்டுத்தனமாக நடப்பவர்களிடமிருந்து தப்பிக்க வைத்த ஏற்பாடு அது. சில வாரங்களில் அதை நீக்க வேண்டியதாயிற்று: தொலைவிலிருந்து சுடும் விடோமேக்கர் பாத்திரத்தில் மிகத் தேர்ந்த ஓர் ஆட்டக்காரருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. அவர் நல்லவர்தான், அவரோடு மோதித் தோற்ற நூற்றுக்கணக்கானவர்கள் அவரைத் தவிர்த்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தரப்படும் தெரிவுரிமை இன்னொருவரின் காத்திருப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. பிறகு அந்த வசதி, எதிராளியாக அல்லாமல் கூட்டாளியாக வராமல் மட்டும் தவிர்ப்பதாகத் திரும்பி வந்தது. அது சரியான எல்லை.

அதே விளையாட்டு 2019இல் ஒவ்வொருவரும் ஆடும் பணியை முன்பே குறித்து வரிசையில் நிற்கும் முறையைக் கொண்டுவந்தது. அணியமைப்பின் நியாயம் கூடியது. சுடும் பணிக்கு ஆள் மிகுதியாகவும் காவற்பணிக்கு ஆள் குறைவாகவும் இருந்ததால் காத்திருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திறமை எண்ணும் இங்கே சிக்கலாகிறது. ஒருவரின் தொலைநோக்கித் துப்பாக்கித் திறமை கொடிபிடிக்கும் ஆட்டத்துக்கு முழுமையாக மாறாது. ஆட்டவகை ஒவ்வொன்றுக்கும் தனி எண் வைத்தால், அரிதாக ஆடும் வகைகளில் எண் பல வாரங்கள் நம்பத்தகாததாகவே இருக்கும். ஒரு பொது எண்ணை வைத்து, ஆட்டவகைக்கேற்பச் சிறு திருத்தம் மட்டும் சேர்ப்பதே ஏற்றது.

இனி முடிவுக்கு வருகிறேன். ஒரு பகுதியில், கூட்டம் குறைந்த நேரத்தில், சில நூறு பேர் மட்டுமே இருக்கும் விளையாட்டுக்கு என் பரிந்துரை: சாதாரண ஆட்டத்துக்கு ஒரே வரிசை, அதில் இரண்டை நீக்கும் உரிமை, கலையாத லாபி, சீட்டுக் குலுக்கல் வாக்கு, திறமையைச் சேர்க்கும்போது தளர்வாகவும் அணி பிரிக்கும்போது கண்டிப்பாகவும் பார்ப்பது, புதியவருக்குத் தனிக் காப்பு. ரேங்க்டு வரிசையை நாள் முழுவதும் திறந்துவைக்காமல், கூட்டம் கூடும் சில மணி நேரம் மட்டும் திறப்பது. இதைச் சொன்னால் தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள் என்பது தெரியும்; ஆனால் நள்ளிரவில் வெறுமையான ரேங்க்டு வரிசையில் உச்சத்தில் இருப்பவரையும் நடுவில் இருப்பவரையும் மோதவிட்டு அதற்குப் புள்ளி போடுவதைவிட இது மரியாதையானது. அதோடு, விருப்பமுள்ளவர்களுக்குச் சர்வர் பட்டியலையும் ஓரத்தில் வைத்திருக்கலாம். அரிதான ஆட்டவகைகளின் பற்றாளர்கள் அங்கே தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்வார்கள்.

சில ஆயிரம் பேர் என்றால், இந்த அடிப்படையோடு நாள் முழுவதும் ரேங்க்டு வரிசையும், வாரத்துக்கு ஒருமுறை மாறும் ஒரு சிறப்புப் பிளேலிஸ்ட்டும் தாங்கும். பல்லாயிரம் பேர் இருந்தால் தனி வரிசைகளும் தனியாட்டக்காரர் வரிசையும் வைக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கையைக் கூட்டம் மிகுந்த மாலையில் அல்ல, விடிகாலை நான்கு மணிக்கு எண்ண வேண்டும்.

தேர்ந்தெடுத்த வழி சரியா என்பதைச் சராசரியால் சோதிக்கக் கூடாது. சராசரிக் காத்திருப்பு 40 விநாடி என்ற ஓர் எண்ணுக்குள், 15 விநாடியில் ஆட்டம் கிடைத்த நடுத்தரத்தினரும் ஒன்பது நிமிடம் காத்திருந்த உச்சத்தினரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். திறமையைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் காத்திருப்பு, பிங், வெற்றி வித்தியாசம், பாதியில் வெளியேறியோர் ஆகிய நான்கையும் நேரவாரியாகப் பார்க்க வேண்டும். குறிப்பாக மிகக் கீழே உள்ள பகுதியின் வெற்றி வித்தியாசத்தை. அங்கே இருப்பவர்கள்தான் குரல் எழுப்பாமல் போகிறவர்கள்.

ஒரு பிளேலிஸ்ட்டை மூட வேண்டிய நாளும் வரும். பிரதான நேரத்திலேயே அதன் காத்திருப்பு ஓர் ஆட்டத்தின் பாதி நேரத்தைத் தாண்டினால், அதை மேலும் இழுத்துக்கொண்டிருப்பது அதை நேசிப்பவர்களுக்கும் நல்லதல்ல. இரண்டு வாரம் முன்பே அறிவித்து, மூடும் அன்றே அந்த ஆட்டவகையைப் பொது வரிசையில் சேர்த்து, முதல் மாதம் அது மற்றவற்றைவிட அடிக்கடி வரும்படி எடையைக் கூட்டிவைத்தால், அதற்காகவே வந்துகொண்டிருந்தவர் அன்றிரவும் அதை ஆடிவிட்டுத்தான் உறங்கப் போவார்.